சுரங்கக் கழிவில் செய்த தீச்செங்கல் நம்ம உலைக்குத் தாங்குமா?

வியாசர்பாடி_வார்ப்பு

எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் சின்ன அளவில் அலுமினிய வார்ப்படப் பட்டறை வைத்திருக்கிறேன். டீசல் பர்னர் போட்ட மூசை உலைதான், மூசை என்றால் உலோகம் உருக்கும் பாத்திரம். உள்சுவர் ஐஎஸ் 8 என்ற இந்தியத் தர எண் கொண்ட தீச்செங்கல், அதற்குப் பின்னால் பழைய இன்சுலேஷன் கல். அந்தப் பின்சுவர் இப்போது நொறுங்கிக் கொட்டுகிறது, உலையின் வெளித்தகட்டில் கை வைக்க முடியாத சூடு, டீசல் செலவும் ஏறிக்கொண்டே போகிறது.

போன வாரம் ஒரு வியாபாரி வந்தார். "சாம்பல், சுரங்கக் கழிவு எல்லாம் கலந்த புதுக் கல் இருக்கிறது, பாதி விலை, சூடு தாங்கும்" என்று ஒரு மாதிரிக் கல்லைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பார்க்கச் சாம்பல் நிறம், நல்ல கனம், விளிம்பு கூர்மையாக இருக்கிறது. எண்ணூர் பக்கம் மலை மாதிரி சாம்பல் கிடக்கிறது, சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தை ஒட்டி மேடு மேடாகக் கழிவுக்கல் கிடக்கிறது, நெய்வேலியில் நிலக்கரிக்கு மேல் இருக்கும் மண்ணை எடுத்துக் குவிக்கிறார்கள். இதிலெல்லாம் உலைக்கல் செய்ய முடியும் என்றால் நம்மைப் போன்ற பட்டறைகளுக்குப் பெரிய உதவி. நிஜமாகவே ஆகுமா, இல்லை பேச்சுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்மிடி_மெல்ட்டர்

அண்ணே, என் அனுபவத்தில் பாதி விலைக் கல் என்றால் பாதி ஆயுள்தான். நான் கும்மிடிப்பூண்டியில் இண்டக்‌ஷன் உலையில் இருக்கிறேன். இரும்பு 1600 டிகிரிக்கு மேல் உருகிக் கிடக்கும் இடம். அங்கே லைனிங், அதாவது உலையின் உள்பூச்சு, ஒரு விரல் அகலம் தேய்ந்தாலே ராத்திரி தூக்கம் வராது, உலையைச் சுற்றித் தண்ணீர் ஓடும் காயிலுக்குள் உருக்கு இறங்கிவிட்டால் தண்ணீரோடு சேர்ந்து வெடிக்கும். அதனால் கழிவிலிருந்து செய்தது, பசுமையானது என்று யார் வந்து சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான். எத்தனை ஹீட், அதாவது எத்தனை தடவை உருக்கும் வரை தாங்கும், யார் உலையில் போட்டுப் பார்த்தீர்கள்? பதில் வராது. சூழலுக்கு நல்லது செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை உலை முன்னால் நிற்கும் ஆளின் மேல் பரிசோதனை செய்யக் கூடாது.

மண்ணும்_நெருப்பும்

நான் செராமிக் படித்தவள், தீச்செங்கல் துறையில்தான் வேலை. அண்ணா, முதலில் அந்த மாதிரிக் கல்லை உலைக்குள் வைக்காதீர்கள். அவசரமாக இதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

கடையில் "ஃப்ளை ஆஷ் கல்" என்று கிடைப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே வீட்டுச் சுவருக்கான கல். சாம்பல், மணல், சுண்ணாம்பு அல்லது சிமெண்ட் கலந்து அழுத்தி, தண்ணீர் காட்டி இறுக வைத்தது. சூளையையே பார்க்காத கல். அதைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீரோடு சேர்ந்து உறைந்த சிமெண்ட்தான். சூடு 450 டிகிரியைத் தொடும்போது அதிலுள்ள நீர்த்த சுண்ணாம்பு உடைந்து தண்ணீரை விட்டுவிடும். அப்புறம் அது பொடிதான். வேகமாகச் சூடேற்றினால் உள்ளே மாட்டிய நீராவி கல்லின் முகத்தைச் சில்லு சில்லாகத் தெறிக்கவிடும். கூர்மையான விளிம்பு, சாம்பல் நிறம் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது. சுட்ட கல்லாக இருந்தால் சாம்பலில் இருக்கும் இரும்புக்குக் கொஞ்சமாவது செம்மண் நிறமோ பழுப்போ ஏறியிருக்கும்.

ஒரு துண்டை உடைத்து, உலை ஆறும் நேரத்தில் வாய்ப்பக்கம் தள்ளி வையுங்கள், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். மறுநாள் எடுத்து விரலால் தேய்த்தால் மாவு உதிர்கிறதா பாருங்கள். உதிர்ந்தால் அந்த வியாபாரியிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

இனி உங்கள் கேள்வி. கழிவில் சூடு தாங்கும் கல் செய்ய முடியுமா? முடியும், உலகத்தில் செய்துகொண்டும் இருக்கிறார்கள். சீனாவில் நிலக்கரிப் படுகையோடு சேர்ந்து வரும் கயோலின் களிப்பாறையைச் சுட்டு, முல்லைட் என்ற சூடு தாங்கும் கனிமச் சரளையாகத் தொழில் அளவில் விற்கிறார்கள். ஆனால் எல்லாக் கழிவும் ஆகாது. ஒரே மேட்டில் கிடக்கும் கழிவே இந்தப் பக்கம் ஆகும், அந்தப் பக்கம் ஆகாது.

வியாசர்பாடி_வார்ப்பு

நன்றிம்மா. நீங்கள் சொன்ன மாதிரி வைத்துப் பார்த்தேன். மாவு மட்டும் இல்லை, கையில் எடுக்கும்போதே இரண்டாகப் போய்விட்டது. வியாபாரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

ஆனால் எனக்கு ஆசை விடவில்லை. எந்தக் கழிவு ஆகும், எது ஆகாது என்று பட்டறைக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பது? "அலுமினா எவ்வளவு" என்றுதான் நாங்கள் கேட்டு வாங்குவோம். அலுமினா அதிகம் இருந்தால் போதாதா?

மண்ணும்_நெருப்பும்

போதாது அண்ணா. அலுமினாவைக் கேட்பது சரிதான், ஆனால் கல்லைக் காலி செய்வது அதில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் மற்ற சரக்கு. சோடா, பொட்டாஷ், சுண்ணாம்பு, இரும்பு. இவற்றை இளக்கி என்போம். மணலும், அதாவது சிலிக்காவும், அலுமினாவும் மட்டும் இருந்தால் 1580 டிகிரி வரை சொட்டு கூட உருகாது. அதில் சில சதவீதம் சோடாவும் பொட்டாஷும் சேர்ந்தால் ஆயிரம் டிகிரியைத் தாண்டியதுமே உள்ளுக்குள் கண்ணாடிக் குழம்பு ஊற ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் கல் அப்படியே இருக்கும், மேலே பாரம் இருந்தால் மெதுவாகச் சரியும். அதனால்தான் தீச்செங்கல்லுக்கு உருகும் வெப்பத்தை மட்டும் பார்க்காமல், பாரம் ஏற்றி எந்த வெப்பத்தில் இளகுகிறது என்று தனியாகச் சோதிக்கிறோம். ஐஎஸ் 1528 என்ற இந்தியத் தரத்தில் இந்தச் சோதனைகள் எல்லாம் பகுதி பகுதியாக இருக்கின்றன. விற்பவர் உருகுநிலையை மட்டும் சொன்னால் இந்த எண்ணையும் கேளுங்கள்.

இரும்பு இன்னும் விவகாரமானது. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, உலர்ந்த சாம்பலுக்குள் விட்டு எடுத்துப் பாருங்கள். கருப்பாகத் தாடி முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். உறையைக் கழற்றினால் அப்படியே உதிரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பளபளவென்று குட்டிக் குட்டி உருண்டைகள். நிலக்கரியில் இருந்த இரும்புக் கனிமம் கொதிகலனில் உருகி, காற்றிலேயே உறைந்து உருண்டையானது அது. இந்தத் தாடியை முதலிலேயே எடுத்துவிட்டால் கல்லின் தரம் ஒரு படி ஏறும்.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? சாம்பலில் எரியாத கரி கொஞ்சம் இருக்கும். கல்லை அவசரமாகச் சுட்டால் வெளிப்பக்கம் இறுகி மூடிக்கொள்ளும், உள்ளே கரி எரியக் காற்று கிடைக்காது. கரி, இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும். அப்படி மாறிய இரும்பு மணலோடு சேர்ந்து 1205 டிகிரியிலேயே உருகும் சேர்மமாகிறது. கல்லை உடைத்தால் நடுவில் கன்னங்கரேல் என்று ஒரு கரு, அதைச் சுற்றி ஊதிப்போன ஓட்டைகள். இந்தக் கருப்புக் கரு இருக்கும் கல்லை வாங்கவே வாங்காதீர்கள். மூட்டையில் ஒன்றை உடைத்துக் காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும், ஆய்வகம்கூட வேண்டாம்.

இன்னொன்று, மணல் அதிகமான கழிவு. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று பருக்கும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். தினம் ஏற்றி இறக்கும் உங்கள் உலைக்கு இது பெரிய தொல்லை. கோலார் தங்கவயல் மணல் மேட்டைப் பற்றியும் சிலர் இதே ஆசையோடு கேட்கிறார்கள். அங்கே சுரங்கம் 2001-இல் மூடியது, மேடுகள் அப்படியே நிற்கின்றன. ஆனால் அந்தப் பாறையில் குவார்ட்ஸோடு ஹார்ன்பிளெண்ட் இருக்கிறது, அதாவது இரும்பும் சுண்ணாம்பும் நிறைய. அதோடு, சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த மண் அது. உலைக்கல்லுக்கு அது வேண்டாம்.

காட்டுக்குப்பத்தான்

இங்கே சாம்பல் சாம்பல் என்று பேசுகிறீர்கள், நான் அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் இருப்பவன். எண்ணூர் கழிமுகத்தில் எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கையால் தடவி இறால் பிடித்தார்கள். வட சென்னை அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய் எங்கெல்லாம் ஒழுகியதோ அங்கெல்லாம் கொசஸ்தலை ஆற்றின் அடி மேடாகிவிட்டது. முன்பு இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது கால் புதைகிறது, எடுத்தால் முட்டி வரை வெள்ளைச் சாம்பல். செப்பாக்கம் ஊரைப் பாருங்கள், சாம்பல் குளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள், காற்றடித்தால் சோற்றுத் தட்டில் விழும்.

இதை எடுத்துக் கல்லாக்கினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் "கழிவைச் செல்வமாக்குகிறோம்" என்று மேடையில் பேசுபவர்கள் எவரும் ஆற்றில் கிடப்பதை எடுக்க வருவதில்லை. மின்நிலையத்து கேட்டில் லாரி நிறுத்திப் புதுச் சாம்பலை அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஆற்றில் கிடப்பது ஆற்றில்தான் கிடக்கிறது. அதை எடுத்துக் கல் செய்ய முடியுமா, அதைச் சொல்லுங்கள்.

மண்ணும்_நெருப்பும்

அண்ணா, உங்கள் கேள்வியைத்தான் எங்கள் துறையில் யாரும் கேட்பதில்லை. நேராகவே சொல்கிறேன். ஆற்றில் கிடக்கும் சாம்பல் தீச்செங்கல்லுக்கு ஆகாது.

காரணம் உப்பு. கழிமுகத்தில் கடல்நீர் ஏறி இறங்குகிற இடத்தில் ஊறிய சாம்பலில் சோடியம் குளோரைடு ஏறியிருக்கும். நான் முன்பு சொன்ன இளக்கிகளிலேயே மோசமானது சோடாதான். சுடும்போது குளோரைடு ஆவியாகிச் சூளைச் சுவரையும் புகைபோக்கியையும் அரிக்கும். நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுக்கலாம்தான், ஆனால் அத்தனை நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது, அலசிய உப்புத் தண்ணீரை எங்கே விடுவது? இன்னொன்று, ஆற்றடியில் சாம்பலோடு சேறும் சிப்பியும் கலந்திருக்கும். சிப்பி முழுக்கச் சுண்ணாம்பு.

அதனால் இரண்டையும் தனியாகப் பேச வேண்டும். புகைபோக்கிக்கு முன்னால் மின்வீழ்ப்பியின், அதாவது புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் கருவியின் தொட்டியிலிருந்து உலர்வாகவே எடுக்கும் சாம்பல் செராமிக்குக்கு ஆகும் சரக்கு. ஒடிசா நிலக்கரிச் சாம்பலில் மணல் சுமார் 60 சதவீதம், அலுமினா 25 முதல் 30 சதவீதம், கொதிகலனிலேயே உண்டான முல்லைட் ஊசிகளும் உள்ளே இருக்கும். ஆற்றுச் சாம்பல் தாழ்வான இடத்தை நிரப்பவோ சாலையின் அடித்தளத்துக்கோ போக வேண்டியது, அதுவும் மறுபடி ஒழுகாத மாதிரி. 2021 டிசம்பர் 31-இல் வந்த மத்திய அரசு அறிவிக்கையில் நூறு சதவீதம் பயன்படுத்தியாக வேண்டும், தவறினால் டன்னுக்கு 1000 ரூபாய் இழப்பீடு என்று இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் செய்யும் கல்லைக் காட்டி அந்தப் பொறுப்பை யாரும் கழித்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. தீச்செங்கல் சந்தை மொத்தமும் சாம்பலுக்கு மாறினாலும் உங்கள் ஊர்க் குளத்தில் ஒரு மூலைகூடக் குறையாது. சிமெண்ட்டுக்குப் போகும் அளவு எங்கே, இது எங்கே.

காட்டுக்குப்பத்தான்

நேராகச் சொன்னதற்கு நன்றி தங்கச்சி. இது வரை யாரும் இப்படிச் சொன்னதில்லை, எல்லோரும் ஆகும் ஆகும் என்றுதான் சொல்வார்கள்.

குளத்தின் மேலே நுரை மாதிரி மிதக்குமே, வெள்ளையாக, காய்ந்தால் மாவு மாதிரி. அதை வலை போட்டு ஒதுக்கி மூட்டை கட்டி விற்பார்களே, அது என்ன?

மண்ணும்_நெருப்பும்

அது செனோஸ்பியர். உள்ளே காலியான சாம்பல் உருண்டைகள். உருகிய துளிக்குள் வாயு மாட்டி ஊதிப்போய் உறைந்தது, அதனால் மிதக்கிறது. குளத்துச் சரக்கிலேயே விலை போவது அதுதான். இன்சுலேஷன் கல்லிலும், தண்ணீர் கலந்து வார்க்கும் உலைக் கலவையான காஸ்டபிளிலும் கலந்தால் எடை குறையும், சூடு வெளியே போவது குறையும். எங்கள் பட்டறையில் அதை வாங்கியதும் அலசி, காயவைத்து, சலித்து, மறுபடி மிதக்கவிட்டு, மூழ்குவதைத் தள்ளிவிட்டுத்தான் பயன்படுத்துவோம். எடுப்பவர்கள் முகத்தில் துணி கட்டாமல் செய்வதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். காய்ந்த உருண்டை உடைந்தால் கண்ணாடித் தூள்தான் அது.

கரட்டூரான்

சேலத்திலிருந்து எழுதுகிறேனுங்க. முதல் பதிவில் எங்கள் ஊரைப் பார்த்ததும் வந்துவிட்டேன். சுண்ணாம்புக்கரட்டில் வெள்ளைக்கல் எடுக்கும் இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன்.

வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், எப்படிக் கிடைக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கழிவின் அளவு புரியும். பச்சையும் பழுப்பும் கலந்த டியூனைட் பாறை, அதற்குள் வெள்ளை நரம்பு நரம்பாக மேக்னசைட் குறுக்கும் நெடுக்கும் ஓடும். நரம்பு சில இடத்தில் கை அகலம், சில இடத்தில் விரல் அகலம். அந்த நரம்பை எடுக்கப் பாறையை மொத்தமாகப் பெயர்க்க வேண்டும். கையில் சுத்தியலோடு உட்கார்ந்து வெள்ளையை மட்டும் தட்டித் தட்டிப் பிரிப்பார்கள், மீதி எல்லாம் மேட்டுக்குப் போகும். நூறு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. டியூனைட்டில் ஒரு பங்கு உருக்காலைகளுக்குப் போகிறது, கசடைச் சரிசெய்யச் சின்டரில், அதாவது இரும்புத் தாதுப் பொடியைச் சுட்டுக் கட்டியாக்கும்போது போடுவார்கள். ஆனாலும் மேடு நிற்கிறது.

இந்த டியூனைட்டே உலைக்கல்லுக்கான சரக்குத்தான். அதில் பெரும்பகுதி ஆலிவின் என்ற கனிமம், அதில் மக்னீசியப் பங்கைப் ஃபார்ஸ்டெரைட் என்பார்கள், 1890 டிகிரியில்தான் உருகும். குறை என்னவென்றால் பாறையில் கொஞ்சம் இரும்பு உண்டு, தண்ணீர் ஏறிச் செர்பெண்டைனாக மாறிய பகுதியும் உண்டு. செர்பெண்டைன் 600, 700 டிகிரியில் தண்ணீரை விட்டுச் சுருங்கும், கல் வெடிக்கும். அதனால் முதலில் ஒருமுறை சுட்டு, அரைத்து, அதில் மேக்னசைட்டைச் சுட்டு எடுத்த மக்னீசியாவைக் கொஞ்சம் சேர்த்து, மறுபடி 1500 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். சேர்த்த மக்னீசியா, மிச்சமிருக்கும் மணலைப் பிடித்து ஃபார்ஸ்டெரைட்டாக்கும், இரும்பையும் பிடித்து மக்னீசியோஃபெரைட்டாக வைத்துக்கொள்ளும். இரும்பு உருக விடாது. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லைங்க, ஃபார்ஸ்டெரைட் கல் செய்யும் பழைய முறைதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. மேக்னசைட்டைச் சுட்டால் நூறு கிலோவில் 52 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், 48 கிலோதான் மக்னீசியா. டியூனைட்டில் அந்த வாயு கிட்டத்தட்ட இல்லை. தரம் குறைந்த மேக்னசைட்டையும், அதாவது மணல் கலந்தது என்று ஒதுக்குவதையும், இந்தக் கலவையில் மக்னீசியாவுக்குப் பதில் கொடுக்கலாம். கழிவுக்குக் கழிவே மருந்து.

கும்மிடி_மெல்ட்டர்

சார், நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டு கேள்வி. மக்னீசியா கல்லை எங்கள் பக்கம் ஒருமுறை மழைக்காலத்தில் கூரைக்கு வெளியே வைத்து எடுத்தோம், விரிசல் விட்டு மூட்டையிலேயே பிளந்துவிட்டது. கடல்காற்று வேறு. அந்தப் பிரச்சினை இதிலும் வருமா? அப்புறம், எங்கள் லைனிங் சிலிக்கா ராம்மிங் மாஸ், அதாவது இடித்து இறுக்கும் சிலிக்காப் பொடி, அமில ரகம். அதில் உங்கள் சரக்கைக் கலக்க முடியுமா?

கரட்டூரான்

இரண்டாவதற்கு முதல் பதில், கலக்கவே கூடாதுங்க. சிலிக்காவும் மக்னீசியாவும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் சேரும் இடத்தில் உருகல் வரும். அமில லைனிங் அமிலமாகவே, கார லைனிங் காரமாகவே இருக்க வேண்டும்.

ஈரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது மக்னீசியாவுக்கே உரிய குணம். ஈரம் பட்டால் ஹைட்ராக்சைடாகி ஊதும். நன்றாக முழுச்சூட்டில் சுட்டிருந்தால் குறையும், ஆனால் கடலோரத்தில் பாலித்தீன் சுற்றி, தரையில் படாமல் பலகை மேல் வைக்கத்தான் வேண்டும். ஃபார்ஸ்டெரைட்டாக மாறிவிட்டால் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

உங்களுக்கு உதவும் இடம் லைனிங் இல்லை, அச்சு மணல். மாங்கனீஸ் எஃகு வார்க்கும்போது சிலிக்கா மணல் உருக்கில் வரும் மாங்கனீஸ் ஆக்சைடோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அதற்கு ஆலிவின் மணலை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். தனிக் குவார்ட்ஸ் இல்லாததால் நுரையீரலுக்கும் தேவலை. செர்பெண்டைன் பங்கு அதிகமாக இருந்தால் சுட்டுவிட்டுப் போட வேண்டும்.

கும்மிடி_மெல்ட்டர்

அந்த நுரையீரல் விஷயத்துக்காகவே இதைப் பேசலாம். ராம்மிங் மாஸ் கொட்டும்போது எழும் தூசியில் நிற்கும் பையன்களைத் தினம் பார்க்கிறேன். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த சின்னப் பையன்கள், கர்ச்சீப் மட்டும்தான். இருமல் வந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள், கணக்கிலேயே வர மாட்டார்கள். அந்தத் தூசியால் நுரையீரலுக்கு வரும் சிலிக்கோசிஸ் குணமாகாத நோய். எங்கள் மாங்கனீஸ் வார்ப்புப் பக்கத்தில் இந்த மணலைப் பற்றி மேனேஜரிடம் பேசுகிறேன்.

காட்டுக்குப்பத்தான்

நான் ஒன்று கேட்கலாமா? சாம்பலில் பாதரசம், ஆர்சனிக் இருக்கிறது என்றுதானே எங்கள் பக்கம் போராட்டத்தில் சொல்கிறோம். அதை மறுபடி சுட்டால் புகையில் வராதா? வட சென்னையில் இன்னொரு புகைபோக்கி வேண்டாம்.

மண்ணும்_நெருப்பும்

வரும். அதனால் மழுப்பாமல் சொல்ல வேண்டும். பாதரசத்தில் பெரும்பங்கு மின்நிலையப் புகையிலேயே போய்விடுகிறது, சாம்பலில் ஒட்டியது மறுபடி சுடும்போது கிளம்பும். ஆர்சனிக்கிலும் ஒரு பங்கு ஆவியாகும், மீதி கண்ணாடிக்குள் பூட்டிக்கொள்ளும். சூளைக்குப் புகை கழுவும் வசதி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, சுட்ட கல்லைப் பொடித்துத் தண்ணீரில் ஊறவைத்து என்ன கரைகிறது என்றும் பார்க்க வேண்டும்.

சேலத்துப் பாறைக்கும் ஒரு எச்சரிக்கை. அதில் குரோமைட் என்ற குரோமியக் கனிமத்தின் துகள் கொஞ்சம் இருக்கும். தனியாக இருக்கும் வரை சாது. சுண்ணாம்போ சோடாவோ சேர்த்து, காற்று நிறையக் கொடுத்துச் சுட்டால் ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும், அது தண்ணீரில் கரையும், புற்றுநோய் தரும். ஆகவே எண்ணூர் சாம்பலையும் சேலத்துக் கல்லையும் சும்மா ஒன்றாகக் கலக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், முதலில் சாம்பலில் சோடாவும் சுண்ணாம்பும் எவ்வளவு என்று கேளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கலவை வேறு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வரும் வெள்ளைக் களிமண். அதை நம்பித்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலே வளர்ந்தது. அந்தக் களிமண்ணைச் சுட்டால் 980 டிகிரியில் உருமாற ஆரம்பித்து, மேலே போகப் போக முல்லைட் ஆகும். ஆனால் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணல் மிச்சமாகும், அது கிறிஸ்டோபலைட் என்ற வேறு படிக வடிவமாக மாறினால் சூடு ஏறி இறங்கும்போது கல் பிளக்கும். அலுமினா சேர்த்தால் அந்த மணலும் முல்லைட்டாகிவிடும். மக்னீசியாவும் சேர்த்துச் சரியான விகிதத்தில், அதாவது மக்னீசியா 14, அலுமினா 35, மணல் 51 என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் கார்டியரைட் கிடைக்கும். சூட்டில் ஏறக்குறைய பருக்காத பொருள். முல்லைட் பருப்பதில் பாதிகூட இல்லை. கார் புகைக்குழாயில் இருக்கும் தேன்கூட்டுக் கல் இதுதான், பீங்கான் சூளைக்குள் அடுக்கும் தட்டும் இதுதான். சுடுவதுதான் சிரமம். 1350 டிகிரியை ஒட்டி நிறுத்த வேண்டும், கொஞ்சம் குறைந்தால் உருவாகாது, 1460-ஐத் தாண்டினால் உருகிச் சிதையும். இளக்கி கூடினால் இந்த இடைவெளி இன்னும் குறுகும். அதனால்தான் மேட்டில் ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி வரும் கழிவை எனக்குப் பிடிப்பதில்லை. கலவை மோசமாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம், தினம் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது.

வியாசர்பாடி_வார்ப்பு

எல்லோரும் இவ்வளவு எழுதியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். உள்சுவர் இப்போதைக்கு வழக்கமான கல்லே. பின்சுவருக்கு, உலர் சாம்பலும் களிமண்ணும் சேர்த்துச் சுட்ட இன்சுலேஷன் கல், கருப்புக் கரு இல்லாதது. சரியா? அடித்தளத்துக்கும் அதையே போடலாமா?

மண்ணும்_நெருப்பும்

பின்சுவருக்குச் சரி. அடித்தளத்துக்கு வேண்டவே வேண்டாம் அண்ணா. மூசை என்றாவது விரிசல் விட்டு ஒழுகினால் உருகிய அலுமினியம் அடியில்தான் தேங்கும். அலுமினியம் மணலிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, தான் அலுமினாவாக மாறி, சிலிக்கானை உலோகத்துக்குள் விடும். கல் கருப்பாகிக் கட்டி தட்டி மேல்நோக்கி வளரும், கடப்பாரை போட்டாலும் வராது. அடிக்கு அலுமினா அதிகமான, பேரியம் சல்பேட் சேர்த்த காஸ்டபிள் போடுங்கள், அலுமினியம் அதில் எளிதில் ஒட்டாது.

இன்னொன்று. பின்னால் இன்சுலேஷன் கூடக் கூட முன்னால் இருக்கும் கல்லுக்குச் சூடு இறங்க வழி இல்லாமல் போகும். முன்பு நெருப்பைப் பார்த்த முகம் மட்டும் 1100 டிகிரியில் இருந்த கல் இப்போது முழுத் தடிப்பிலும் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். டீசல் மிச்சம் என்று இரண்டு மடங்கு தடிப்பு வைத்துவிடாதீர்கள். உள்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு தெர்மோகப்பிள், அதாவது வெப்பம் அளக்கும் கம்பி, விட்டு அளவை எழுதி வையுங்கள்.

கரட்டூரான்

கல் வாங்கும்போது எந்தச் சுரங்கம், எந்த மேடு, எந்த மாதத்து லோடு என்று பில்லில் எழுதி வாங்குங்க. எழுத மறுத்தால் வேண்டாம் என்று விடுங்க.

கும்மிடி_மெல்ட்டர்

அண்ணே, ஒரு பக்கச் சுவரில் மட்டும் போட்டுப் பாருங்கள், எதிர்ப் பக்கம் பழைய ரகக் கல்லே இருக்கட்டும். ஒரே உலை, ஒரே பர்னர், வித்தியாசம் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லை, கல் அடுக்கும்போது நான் வருகிறேன். சாத்தங்காடு சந்தைப் பக்கம் வந்ததும் போன் போடுகிறேன்.

வியாசர்பாடி_வார்ப்பு

வாங்க தம்பி. தெர்மோகப்பிள் என்னிடம் கே டைப் ஒன்று இருக்கிறது, உறை மட்டும் மாற்ற வேண்டும். சாம்பல் எந்த மின்நிலையத்துத் தொட்டியிலிருந்து வந்தது என்று கல்காரரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். காட்டுக்குப்பத்து அண்ணன் அதைப் பார்த்துச் சொல்லட்டும், கேட்டிலிருந்து வந்ததா, குளத்திலிருந்து வந்ததா என்று அவருக்குத்தான் தெரியும்.